மடிப்பக்கா வீட்டை ஓட்டிப்போன நாள்

மடிப்பக்காவின் கைக்கு எது அகப்பட்டாலும் அது மடிந்துவிடும். துண்டு, போர்வை, செய்தித்தாள், கடைப் பை, எதையும் சும்மா விடமாட்டாள். யாராவது சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனால், அவர்கள் திரும்பி வருவதற்குள் அந்தச் சட்டை கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு வைத்தது போல உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், அவள் பாதி ஆயுளைக் கழித்தாள். மேலே இருக்கும் அறைகளை ஒருநாள் கூடப் பார்த்ததில்லை. மேலிருந்து அழுக்கு விரிப்பு வரும், கீழிருந்து வெள்ளை விரிப்பு போகும், அவ்வளவுதான் அவளுக்கும் அந்த அறைகளுக்கும் இருந்த பழக்கம். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு இஸ்திரி மிஷின் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் கரண்டு இல்லாமல்தான் அதைத் தொட வேண்டும் என்பது அந்த இடத்துச் சட்டம். விரிப்பைப் போடு, கைப்பிடியை இழு, மனசுக்குள் எண்ணு, தூக்கு. சூடு இல்லை, ஆவி இல்லை, வெறும் கைப் பழக்கம். கை தானாக ஓட ஆரம்பித்த பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். அத்தனை வருஷத்தில் மடிப்பக்காவின் விரல் நுனி கூடப் பொசுங்கியதில்லை. ஆகவே உலகத்தில் எந்த மிஷினையும் இப்படித்தான் பழக வேண்டும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை அவளை ஒருநாள் நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். வேலையை விட்ட பிறகும் எல்லாரும் லாரிக்காரர் என்றே அழைத்தார்கள். ஊரார் சாமானை எல்லாம் அவர் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இவர்களோ ஒரு வாடகை அறையிலிருந்து இன்னொரு வாடகை அறைக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். எல்லா வீட்டுக்காரரும் முதலில் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: “சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது.”

இருவரும் ஓய்வு பெற்றதும், கையில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினார்கள். வேன் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே முழு வீடு. பின்னால் கட்டில், நடுவில் இரண்டு பேர் முட்டி இடிக்க உட்காரும் மேசை, பக்கத்தில் அடுப்பு, திரும்பினால் முழங்கை சுவரில் மோதும் குளியலறை. கூரை மேல் ஒரு சோலார் தகடு. வாங்கிய அன்றே மடிப்பக்கா செய்த முதல் வேலை, சுவரில் ஒரு ஆணி அடித்ததுதான். துண்டு மாட்டுவதற்கு. அடித்த வேகத்தில் ஆணி அந்தப் பக்கமே எட்டிப் பார்த்துவிட்டது. முதல் மழைக்குத் துண்டு நனைந்தது. லாரிக்காரர் வெளியே பசை வைத்து ஒட்டினார். “நம்ம வீடு, நம்ம ஆணி, நம்ம ஒழுகல்” என்று சொல்லிக்கொண்டேதான் ஒட்டினார். ஆணியைப் பிடுங்கச் சொல்லவில்லை.

ஊர் விளிம்பில் இப்படிப்பட்ட வண்டிகள் நிற்க ஒரு திடல் இருந்தது. ஒரு கேட், ஒரு குழாயடி, ஒரு சலவைக் கொட்டகை. அங்கே நின்றுவிட்டார்கள். மடிப்பக்கா அங்கிருப்பவர்களின் துணிக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். நகரும் வீடுதான், ஆனால் அதிகம் நகரவில்லை. நகர முடியும் என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது லாரிக்காரரின் வலது கண்ணில் ஒரு நிழல் விழுந்தது. மேலிருந்து யாரோ திரை இறக்குவது போல இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, விழித்திரை பிரிகிறது என்று சொல்லி உடனே ஆபரேஷன் செய்தார்கள். குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், தலை நிமிரக் கூடாது, பல மாதங்களுக்கு வண்டியைத் தொடவே கூடாது.

அவருடைய அண்ணன் தினமும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மடிப்பக்கா அவரைப் பெரிய அத்தான் என்று அழைப்பாள். மனைவியை இழந்தவர். லிப்ட் வைத்த கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். தம்பி மேல் உயிர். அந்த உயிரை அதட்டலாகத்தான் காட்டத் தெரியும்.

“போதும்டா இந்தச் சக்கரத்து மேல குடித்தனம். ஓட்டுறவன் நீ குப்புறக் கெடக்குற. ராத்திரி இன்னொரு கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு உன்னைத் தூக்கிட்டு ஓடுவா? என் வீட்டுல ஒரு ரூம் சும்மா கெடக்கு. ரெண்டு பேரும் வந்துடுங்க. வண்டிக்கு ஆளு கூடப் பாத்து வெச்சிருக்கேன்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் மடிப்பக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பாகப் பேசுகிறவரோடு சண்டை போடலாம். நியாயமாகப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது?

“நான் ஓட்டுவேன் அத்தான்” என்றாள். “லைசென்ஸ் இருக்கு.”

“லைசென்ஸ் பீரோவுல இருக்கு. நீ எங்க ஓட்டினே?”

அதுவும் உண்மை. டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில் கற்றுக்கொண்டாள். வீட்டு வண்டியை லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஆள் இல்லாத ரோட்டில் கொஞ்சம் ஓட்டியிருக்கிறாள். அவ்வளவுதான்.

தலையணையில் முகம் புதைத்தபடியே லாரிக்காரர் பேசினார். “அண்ணே, என்னை வீட்டுக்கு அனுப்புற அன்னிக்கு, மதியம் பெட்டைக் காலி பண்றதுக்குள்ள, அவ வண்டியை ஓட்டிக்கிட்டு இந்த வாசலுக்கு வந்துட்டா நான் என் வீட்டுக்குப் போறேன். வரலைன்னா உன் வீட்டுக்கு வர்றேன். வண்டியை வித்துடு. சரியா?”

“சரி” என்றார் அண்ணன்.

“சரி” என்றாள் மடிப்பக்கா.

அன்றிலிருந்து சாயங்காலம் பஸ்ஸில் திடலுக்குத் திரும்பியதும் அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவாள். ஆனால் எஞ்சினைக் கிளப்பவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த இடத்தில் நிற்கும் வண்டி ரொட்டிக்காரருடையது. இரவு முழுக்கப் பேக்கரியில் ரொட்டி சுட்டுவிட்டு, காலையில் வந்து படுத்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். முன்னே ஒருமுறை, தூக்கக் கலக்கத்தோடு தலை கலைந்து வந்து நின்றார். “அக்கா, உங்க எஞ்சின் என் தலைகாணிக்குள்ள ஓடுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மடிப்பக்காவுக்கு அது மனசில் தைத்துவிட்டது. உழைத்துவிட்டுத் தூங்குகிற மனிதனை எழுப்புவது பாவம் என்று நினைத்து, அவர் படுத்திருக்கும் நேரத்தில் சாவியை முழுசாகத் திருகுவதில்லை என்று முடிவு செய்தாள்.

எஞ்சின் எதற்கு? கரண்டு இல்லாமல் இஸ்திரி மிஷினைப் பழகியவள்தானே. சாவியைப் பாதி திருகுவாள். முன்னால் இருக்கும் விளக்கெல்லாம் எரியும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, கால் பெடலில். ஹெட்லைட்டைப் போடுவாள். கண்ணாடியைப் பார்ப்பாள். இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், வைப்பர், பிரேக். கியரை மாற்றும்போது வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டுக்கொள்வாள். மனசுக்குள் ரவுண்டானா வரும், பஸ் குறுக்கே வரும், ஆஸ்பத்திரி வாசல் வரும். திரும்பிப் போவதற்கும் பழக வேண்டுமே என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். ஒவ்வொரு சாயங்காலமும் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தானாக ஓட ஆரம்பித்தது. அவளுக்கே அது தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொன்ன நாள் வந்தது. காலையிலேயே எழுந்து எல்லாவற்றையும் கட்டினாள். கோப்பைகளைத் துண்டில் சுற்றினாள், பிரிட்ஜ் கதவைத் தாழிட்டாள், காஸை மூடினாள், படிக்கட்டை மடித்தாள். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாம் சரி. சீட்டில் ஏறி, இந்த முறை சாவியை முழுசாகத் திருகினாள்.

டக்.

இன்னொரு முறை திருகினாள். டக் டக் டக் டக் என்று பல்லி சத்தமிடுவது போலக் கேட்டது. முன் விளக்குகள் மங்கி, பிறகு அவையும் அணைந்தன. தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து, கண்ணாடி பார்ப்பதிலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தாள். இப்போது டக் கூட இல்லை.

கேட்டில் உட்கார்ந்திருந்த காவல்காரர் சத்தம் கேட்டு வந்தார். நல்ல மனிதர், எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே வைத்தியம் வைத்திருப்பவர்.

“தள்ளிப் பாத்துடலாம்கா.”

பின்னால் போய்க் கையை ஊன்றித் தள்ளினார். செருப்பு வழுக்கியதே தவிர வண்டி அசையவில்லை.

“அக்கா! ஹேண்ட் பிரேக்கை எடுத்தீங்களா?”

“எடுத்துட்டேன்!”

“அப்புறம் ஏன் இந்தக் கனம் கனக்குது? உள்ள என்னத்தை வெச்சிருக்கீங்க?”

“வீட்டை வெச்சிருக்கேன்!” என்றாள் மடிப்பக்கா. அழுகை வருகிற குரலில் சொன்னதால் அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் கணவருக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, வண்டி கெளம்ப மாட்டேங்குது. டக் டக்னுது, அவ்ளோதான்.”

லாரிக்காரரின் குரல் ரொம்பச் சாதாரணமாக வந்தது. “ஓகோ, அடுப்பு பத்தலையா?”

“அடுப்பு இல்லங்க, வண்டி!”

“அதாம்மா, அடுப்பு. அண்ணன் இங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. நீ ஒண்ணும் பதறாத.”

அவளுக்கு விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஆஸ்பத்திரியில் கேட்டுவிடும் என்பது போல. “உள்ள லைட் எரியுதுங்க. பேன் சுத்துது. கரண்டு இருக்கு. அப்புறம் என்ன கேடு?”

“அது வீட்டு அடுப்பும்மா. நீ பத்த வெக்கிறது முன்னாடி இருக்குற அடுப்பு. ரெண்டும் ஒரே கூரைக்கு அடியில இருக்கும், ஆனா ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை கெடையாது. மேல வெயில்ல வெச்சிருக்கோமே, அது பின்னாடி இருக்குறதுக்கு மட்டும்தான் தீனி போடும். முன்னாடி இருக்குறதுக்கு ஓட்டினாத்தான் தீனி.”

பின்னணியில் அண்ணனின் குரல் கேட்டது. “அடுப்பை ஓட்டுறதா? என்னடா ஒளர்ற? ஜுரம் கிரம் இருக்கா?”

“மருந்து மயக்கம்ணே. இந்தா பாரும்மா, பக்கத்து வீட்டுல கொஞ்சம் நெருப்பு வாங்கிப் பத்த வெச்சுக்க. பத்திக்கிச்சுன்னா அணைச்சுடாத. அணைக்கவே கூடாது, புரிஞ்சுதா?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்து வீடு. மடிப்பக்கா திடலைச் சுற்றிப் பார்த்தாள். சீசன் இல்லாத நேரம், இடமெல்லாம் காலி. காவல்காரரிடம் இருப்பது சைக்கிள். எஞ்சின் உள்ள இன்னொரு வண்டி ஒன்றே ஒன்றுதான் நின்றது, ரொட்டிக்காரரின் டெலிவரி வேன். அதன் பக்கத்தில் அவர் தூங்கும் கேரவன். திரை இழுத்து மூடியிருந்தது. அவர் வந்து படுத்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும்.

கதவு வரை போய் நின்றாள். கை தூக்கினாள். இறக்கினாள். இத்தனை நாள் யார் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று வாயால் எஞ்சின் ஓட்டினாளோ, அவர் கதவை அவளே தட்டுவதா? கயிற்றில் அவருடைய போர்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. தைரியம் வரும்வரை கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று அதை எடுத்து மடித்தாள். நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். இதற்கு மேல் மடிக்க அதில் இடமில்லை என்று ஆன பிறகு, நெஞ்சோடு அதை அணைத்தபடி கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது, கண் பாதிதான் திறந்திருந்தது.

“தீப்பிடிச்சிருச்சா?”

“இல்லப்பா.”

“யாராச்சும் செத்துட்டாங்களா?”

“இல்லப்பா. பாட்டரி.”

ரொட்டிக்காரர் கதவில் சாய்ந்துகொண்டார். “அதுவும் சாவுதானேக்கா. யாரு வீட்டுல?”

“எங்க வீட்டுல. முன்னாடி பாட்டரி. இன்னிக்கு மதியத்துக்குள்ள நான் ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கலைன்னா எங்களுக்கு வீடு இல்ல.” ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தான், மூன்றாம் மாடி, வாங்குவதற்குப் பார்த்து வைத்த ஆள், எல்லாம்.

மடிப்பக்கா போர்வையை அவர் படியில் வைத்தாள். அவர் அரைக்கால் சட்டையோடு வந்து வேனை எடுத்து, இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு உரசுவது போல நிறுத்தினார். உள்ளிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“உங்க பாட்டரி எங்கக்கா இருக்கு?”

மடிப்பக்கா முன் சீட்டுக்குக் கீழே இருந்த மிதியடியை எடுத்து, அந்த அவசரத்திலும் மடித்து வைத்துவிட்டு, மூடியைத் திறந்தாள். பாட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது.

“இப்படி இருந்தா எப்படிக் கரண்டு ஏறும்? கொஞ்சம் சோடா மாவு வேணும். என்கிட்ட இருக்கு, ரொட்டிக்குப் போடுறது.”

“எங்கிட்டயும் இருக்கு, துணிக்குப் போடுறது.”

“என்னுதே நல்லதுக்கா. உங்களுது கையை அரிக்கும்.”

“இத்தனை வருஷமா என் கையை அரிக்காததா?” என்றாள். ஆனாலும் அவருடையதையே வாங்கிக்கொண்டாள். தண்ணீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது நுரைத்துக்கொண்டு கரைந்தது. காலரில் படிந்த அழுக்கைத் தேய்ப்பது போல அவள் தேய்த்த தேய்ப்பில் ஈயம் பளபளத்தது.

அவர் கேபிளை மாட்டினார். சிவப்பைச் செத்த பாட்டரியின் கூட்டல் குறியில், மறுமுனையைத் தன்னுடைய கூட்டல் குறியில். கறுப்பைத் தன் கழித்தல் குறியில், கடைசி முனையைப் பாட்டரியில் மாட்டாமல் அவள் வண்டி எஞ்சினின் வெற்று இரும்பில். பிறகு தன் வேனைக் கிளப்பி ஓடவிட்டார். “நல்லா நேரம் விட்டுக் குடிக்கட்டும். ரொம்பத் தாகத்துல கெடக்குது.”

வேன் படியில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்தபடி, “தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா, ஒண்ணு கேக்கணும்” என்றார். “என் மேல உங்களுக்கு ஏதாவது கோவமா?”

“எனக்கா? உன் மேலயா?”

“தெனமும் சாயங்காலம் நான் எந்திரிச்சுப் பல்லு தேய்க்கிறப்போ உங்க வண்டி என்னைப் பாத்துக் கண்ணடிக்குது. இந்தக் கண்ணு, அப்புறம் அந்தக் கண்ணு. அப்புறம் ஹெட்லைட்டை மூஞ்சியில அடிக்குது. ரொம்ப நேரம். எஞ்சின் சத்தமும் இல்ல. நான் அன்னிக்கு உங்ககிட்ட மொணமொணத்தேனே, அதுக்குத்தான் இப்படித் திட்டுறீங்கன்னு நெனைச்சு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் பல்லு தேய்ப்பேன்.”

மடிப்பக்கா கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றாள். மங்கிப்போன விளக்கு, டக் டக் சத்தம், முன் அடுப்புக்கு ஓட்டினால்தான் தீனி என்று லாரிக்காரர் சொன்னது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது.

“அய்யய்யோ” என்றாள். “நானேதான் குடிச்சுத் தீத்திருக்கேன்!”

இஸ்திரி மிஷின் கதையை அவள் சொல்லச் சொல்ல ரொட்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கரண்டு இல்லாமப் பழகுறதுன்னு நெனைச்சு, இருக்குற கரண்டை எல்லாம் பழகியே தீத்துட்டீங்க!” சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. “சரி, எஞ்சினை ஓட்டியே பழகியிருக்கலாமே? பாட்டரியும் நெறைஞ்சிருக்குமே?”

“நீ தூங்குவியேப்பா” என்றாள் மடிப்பக்கா.

அவர் புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்த் தன் வேனின் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி, “இப்போ திருகுங்கக்கா” என்றார்.

திருகினாள். வண்டி ஒருமுறை முனகியது, இருமியது, அப்புறம் உடம்பு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது. கோப்பைகள் துண்டுக்குள் கிணுகிணுத்தன. காவல்காரர் கேட்டிலிருந்து கைதட்டினார், தான் தள்ளியதால்தான் கிளம்பியது போல.

ரொட்டிக்காரர் மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கேபிளைக் கழற்றி, சீட்டுக்குப் பின்னால் போட்டார். “இது வண்டியிலேயே இருக்கட்டும். இப்போதைக்கு நிறுத்தக் கூடாது. சிக்னல்ல நின்னாலும் எஞ்சின் ஓடணும். ஆஸ்பத்திரியில அணைச்சீங்கன்னா அப்புறம் அங்கதான் குடித்தனம். நான் கூட வரட்டுமா?”

வரட்டும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. “வேணாம்பா. நீ போய்த் தூங்கு” என்றாள். “நானே ஓட்டிட்டுப் போனாத்தான் அது கணக்கு.”

அவள் கேட்டைத் தாண்டியபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வேகத்தடையில் வீடு முழுக்கக் குலுங்கி, ஆணியில் மாட்டியிருந்த துண்டு கீழே விழுந்தது. பின்னால் வந்த கார்க்காரன் ஒலிப்பானில் கையை வைத்து எடுக்கவே இல்லை. “இருடா கண்ணா, வீட்டைத் தூக்கிட்டு வர்றேன்ல” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். ரவுண்டானா வந்தது. மனசுக்குள் எத்தனையோ முறை சுற்றிய ரவுண்டானா. கை தானாக வலது இண்டிகேட்டரைப் போட்டது, கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது, பஸ் குறுக்கே வந்தபோது கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பாட்டரியைக் கொன்ற அந்தச் சாயங்காலங்கள் வீணாகவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், சலவைப் பிரிவில் எண்ணியது போலச் சும்மா எண்ணிக்கொண்டே ஓட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பாதுகாவலர் ஓடி வந்தார். “எஞ்சினை ஆப் பண்ணுங்கம்மா, நோயாளிங்க இருக்காங்க.”

“முடியாதுப்பா.”

“ஏன் முடியாது?”

“ஆப் பண்ணா இங்கயே வாசல் தெளிச்சுக் குடித்தனம் பண்ணணும். பரவாயில்லையா?”

அவர் வண்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஜன்னல் திரையையும், மடித்து வைத்த மிதியடியையும் பார்த்தார். பிறகு வெளிச் சுவரோரமாக நிற்கச் சொல்லிக் கைகாட்டினார்.

அங்கே நிறுத்தி ஜன்னலை இறக்கியபோது, நுழைவாயில் சரிவில் ஒரு டாக்சி நிற்பதைப் பார்த்தாள். பெரிய அத்தான் ஒரு கையில் பையும் ஒரு கையில் டாக்சிக் கதவுமாக நின்றார். பக்கத்தில் லாரிக்காரர், கண்ணில் கட்டு, தலை கீழே கவிழ்ந்தபடி, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு. அவளுக்கு உயிரே போய்விட்டது. கூப்பிட வாயைத் திறந்தாள்.

அவள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒரு காலை டாக்சிக்குள் வைக்கப் போன லாரிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். தலை நிமிரவில்லை, நிமிரக் கூடாதே. காதை மட்டும் இந்தப் பக்கம் சாய்த்தார்.

“அண்ணே” என்றார், அந்த முற்றத்துக்கே கேட்கும்படி. “நம்ம வீடு வந்துடுச்சு.”

இருவரும் மெதுவாக நடந்து வந்தார்கள். பெரிய அத்தான் ஜன்னல் அருகில் நின்று, மடிப்பக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

“என்ன, அடுப்பு பத்திக்கிச்சா?”

லாரிக்காரர் செருப்பைப் பார்த்தபடியே திடுக்கிட்டார்.

“நானும் ஒரு காலத்துல கார் வெச்சிருந்தவன்தான். அடுப்பை ஓட்டுறதாம், தீனி போடுறதாம்! பாட்டரி போனது எனக்குத் தெரியாதாக்கும்.”

“தெரிஞ்சுமா அத்தான்...? மதியம் தாண்டிருச்சே...”

“மருந்து வாங்குற எடத்துல கூட்டம்னு சொல்லி ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். அங்க ஒரு ஆளு இல்ல. நர்ஸ் பொண்ணுகிட்ட, தம்பிக்குத் தலை சுத்துது, கொஞ்சம் உக்காந்துட்டுப் போறோம்னேன். டாக்சிக்காரனை வேற இவ்வளவு நேரம் நிக்க வெச்சாச்சு.” அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ வரவே இல்லைன்னா அது வேற. பாட்டரி செத்ததுக்காக உன்னைத் தோத்தவள்னு சொல்ல எனக்கு மனசு வரலை.”

மடிப்பக்கா ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதாள். எஞ்சின் நடுங்கிய நடுக்கத்தில் அவள் அழுவது கூட விட்டுவிட்டுத்தான் கேட்டது.

“அழறதை ஓட்டிக்கிட்டே அழு” என்றார் லாரிக்காரர். “நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

பாட்டரி நிறைய வேண்டும் என்பதால் நேராகத் திடலுக்குப் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டாக்சியை அனுப்பிவிட்டுப் பெரிய அத்தானும் ஏறிக்கொண்டார். முட்டி இடிக்கும் மேசையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, வழி நெடுக ஏதாவது குறை சொல்லிக்கொண்டே வந்தார். “இது கட்டிலா, பலகையா?” “இவ்வளவு சின்ன ஜன்னலா?” பிறகு கீழே விழுந்து கிடந்த துண்டை எடுத்து, எங்கே மாட்டுவது என்று தேடி, ஆணியைக் கண்டுபிடித்து மாட்டினார். பையைத் திறந்து, குப்புறப் படுப்பதற்கென்றே நடுவில் ஓட்டை வைத்த புதுத் தலையணை ஒன்றை எடுத்தார். தன் வீட்டு அறைக்காக வாங்கியது. அதைக் கட்டிலில் வைத்தார். “அங்க வெச்சா என்ன, இங்க வெச்சா என்ன” என்றார்.

அவருடைய கட்டடத்தில் அவரை இறக்கியபோது, “ஞாயித்துக்கிழமை வரேன்” என்றார். “இல்ல, நீங்களே என்னைக் கூட்டிட்டுப் போங்க. பாட்டரிக்கும் நல்லது.” வண்டி வாங்க வருவதாக இருந்த ஆளைப் பற்றி அவரும் பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

திடலுக்குத் திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. ரொட்டிக்காரர் தூங்குகிற நேரம். மடிப்பக்கா கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நிறுத்தினாள்.

“இப்போ அணைச்சுப் பாரு” என்றார் லாரிக்காரர்.

“வேணாங்க.”

“அணைம்மா. எத்தனை நாளைக்கு ஓட்டிக்கிட்டே இருப்ப?”

மூச்சைப் பிடித்துக்கொண்டு அணைத்தாள். அத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் பறவைச் சத்தம் கேட்டது. சாவியை மறுபடியும் திருகினாள். ஒரே திருகலில் கிளம்பியது. லாரிக்காரர் கையைத் துழாவி அவள் கையைப் பிடித்தார். அவள் அந்தக் கையை விரல் விரலாக மடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரம் வரை அங்கேயே இருந்தார்கள். அவர் புதுத் தலையணையில் குப்புறப் படுத்துத் தூங்கினார். அவள் கேபிள் இரண்டையும் அழகாகச் சுற்றி மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்தாள். பிறகு திடலுக்குள் அசைவு தெரிந்தது. ரொட்டிக்காரரின் கதவு திறந்தது. குழாயடியில் பல் தேய்த்தார். தன் படியில் ஒரு போர்வை எட்டாக மடிந்து கிடப்பதைப் பார்த்து, எடுத்து உள்ளே வைத்தார். வேனைக் கிளப்பி வேலைக்குப் புறப்பட்டு, கேட் வரை வந்தார். வெளியே நிற்கும் வண்டியைக் கண்டதும் பிரேக் போட்டார்.

மடிப்பக்கா முதலில் எஞ்சினைக் கிளப்பினாள். அது நன்றாக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். அதற்கப்புறம்தான் இண்டிகேட்டரைத் தட்டி, ஒரே ஒரு முறை கண்ணடித்தாள்.

ரொட்டிக்காரரின் வேனும் திருப்பி ஒரு கண்ணை அடித்துவிட்டு, பேக்கரிப் பக்கம் திரும்பியது. அவள் கியரைப் போட்டு, வீட்டை மெதுவாக உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள்.